பட்டாளத்துக்காரனுக்கு எது ஊர்?

எங்கள் பக்கத்தில் 'ஊர்' என்ற வார்த்தைக்குத் தனி அர்த்தம் உண்டு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது நான் பிறந்த இடம். அதில் மேற்கே இருப்பது ஊர். கிழக்கே கண்மாய்க் கரையை ஒட்டி இருப்பது எங்கள் தெரு. பின்னால் அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்துக் காலனி ஆனது. கூலி வாங்கப் போகும்போது என் ஆத்தா, "ஊருக்குள்ள போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்லும். ஒரே பஞ்சாயத்து, ஒரே தபால் ஆபீஸ். ஆனாலும் நாங்கள் ஊருக்குள் போயிட்டு வருகிற ஆட்கள். ஊரில் இருக்கிற ஆட்கள் இல்லை.

நான் 17 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். 1984-இல் சேர்ந்து 2001-இல் வெளியே வந்தேன். அதில் இரண்டு வருஷத்துக்கு மேல் இலங்கையில், அமைதிப் படையில். பட்டாளத்துக்காரன் கேம்ப்பில் கிடந்து ஊரை நினைத்து ஏங்குவான் என்று சினிமாக்காரர்கள் நிறையப் பாட்டு எழுதியிருக்கிறார்கள். ஏங்குவது உண்மைதான், நானும் ஏங்கினவன்தான். ஆனால் ஊரே இல்லாதவன் எதை நினைத்து ஏங்கினான் என்பதை யாரும் எழுதவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருப் பையன்களுக்கு அப்போது மூன்று வழிதான். பண்ணையில் மாடு மேய்க்கலாம், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டிக்குப் போகலாம், ராஜபாளையத்தில் மில்லில் யாராவது சொல்லிவிட்டால் உள்ளே நுழையலாம். பட்டாளம் நாலாவது வழி. அதற்குச் சிபாரிசு வேண்டாம். உயரமும் மார்பளவும் ஓட்டமும் இருந்தால் போதும். எனக்கு இருந்தது. பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தில் பயிற்சி. ரோடு போட, பாலம் கட்ட, கண்ணிவெடி எடுக்கப் பழக்கினார்கள்.

லங்கர் என்று சொல்வார்கள், சிப்பாய்களுக்குச் சமையல் ஆகிற இடத்தை. முதல் நாள் தட்டோடு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு ரெட்டி, பின்னால் ஒரு நாயர். ஒரே அண்டா, ஒரே கரண்டி. என் தட்டில் விழுந்த சோறு எனக்கு முன்னால் நின்றவன் தட்டில் விழுந்த அதே சோறு. 19 வயது வரைக்கும் நான் பார்க்காத விஷயம் அது. நாட்டுப்பற்று, வீரம் என்று எதையெல்லாமோ சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குப் பட்டாளம் பிடித்துப்போனது அந்த அண்டாவால்தான்.

அதற்காகப் பட்டாளத்தில் சாதியே கிடையாது என்று சொல்ல மாட்டேன். எந்த ரெஜிமெண்டில் எந்தச் சாதிக்காரனை எடுப்பது என்று கணக்குப் போட்டு வைத்தது வெள்ளைக்காரன். அந்தக் கணக்கு முழுசாக அழியவில்லை. பழைய மெட்ராஸ் சாப்பர்ஸில் பறையர்கள் நிறைய இருந்தார்கள். மராட்டியத்தில் மகார்கள் இருந்தார்கள். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார். பிறகு 'வீர சாதி' என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்து, 1890-களில் மகார்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். உலக யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1941-இல் மகார் ரெஜிமெண்ட் உண்டானது. அதற்கு அம்பேத்கர் எவ்வளவு போராடினார் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். தேவைப்பட்டால் வீரன், தேவை தீர்ந்தால் தீண்டாதவன். இந்தச் சரித்திரம் எதுவும் 1984-இல் எனக்குத் தெரியாது. பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாளே அமைதிப் படை போய் இறங்கியது. அக்டோபர் 10-ஆம் தேதி புலிகளோடு சண்டை தொடங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் எங்களை ஏற்றினார்கள். எங்கே போகிறோம் என்று கடைசி வரை சொல்லவில்லை. பலாலியில் இறங்கி வெளியே வந்தால் கடையில் இருந்த பெயர்ப் பலகை எல்லாம் தமிழ். எங்களோடு இருந்த ஆந்திராக்காரனும் மலையாளியும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வேறு நாட்டுக்கு வந்த மாதிரியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு காலி வீடும் அதைச் சுற்றிய பனங்காடும் எங்கள் கேம்ப். மணல் மூட்டை, முள்கம்பி, தார்ப்பாய். விடியுமுன்னே ரோடு ஓப்பனிங். அதாவது, லாரிகள் போகுமுன்னே ரோட்டில் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நாங்கள் நடந்து போக வேண்டும். பிளாஸ்டிக் கேனில் மருந்தை அடைத்துப் புதைத்தால் மிஷின் சத்தம் கொடுக்காது. கண்ணும் நீளக் கம்பியும்தான் துணை. மண் புதுசாகக் கிளறியிருக்கிறதா, புல் வாடியிருக்கிறதா, ஒயர் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். வயலில் களை எடுக்கிற மாதிரிதான். என் ஆத்தா அந்த வேலையை ஆயுசு பூராவும் குனிந்தே செய்தது. எனக்கு முதுகு வலித்தபோதெல்லாம் ஆத்தா நினைப்பு வரும்.

ராத்திரி சென்ட்ரி. பனைமரத்துக்கு மேலே நிலா. அந்த நேரத்தில்தான் நினைப்பு எல்லாம் வந்து மொய்க்கும். சாயங்காலம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது, ராஜபாளையம் மில்லில் சங்கு ஊதுகிறது, ஆத்தா அடுப்பில் கேப்பைக்கூழ் கிண்டுகிறது, தங்கச்சி சிம்னி விளக்கில் படிக்கிறாள், அய்யா திண்ணையில் பீடி பற்ற வைக்கிறார். தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கோடு மாதிரி தெரிகிறது. இதுதான் நான் ஏங்கினது. யோசித்துப் பார்த்தால் இதில் ஊர் எங்கேயும் இல்லை. மலை இருக்கிறது, எங்கள் தெரு இருக்கிறது. நடுவில் இருக்கிற ஊரைத் தாண்டிக் குதித்துத்தான் என் நினைப்பு போயிருக்கிறது.

கடிதம் எழுதுவதிலும் அந்த ஊர் குறுக்கே நின்றது. எங்கள் முகவரி நம்பர், பெயர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். சிப்பாய் எங்கே இருக்கிறான் என்று அதில் தெரியாது. "56 ஏ.பி.ஓ.ங்கிறது எந்தப் பக்கம்யா இருக்கு, மழை தண்ணி உண்டா" என்று ஆத்தா கேட்டு எழுதச் சொல்லியிருந்தது. எழுதினது ஏழாவது படிக்கிற தங்கச்சி. நான் எழுதும் கடிதம் நேராக வீட்டுக்குப் போகாது. அப்போது தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. ஊர் முனை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஆள் யாராவது போய் வாங்குவதற்குள் பத்துப் பேர் கைமாறியிருக்கும், சில சமயம் பிரித்தும் இருக்கும். அதனால் 'நான் இங்கு நலம், அங்கு அனைவரும் நலமா, தங்கச்சி படிப்பை நிறுத்த வேண்டாம், மணியார்டர் வந்ததா' என்பதற்கு மேல் நான் எழுதினது இல்லை.

இலங்கை எங்கள் தெருவுக்குப் புதுசு இல்லை. எங்கள் தாத்தாவின் அண்ணன் கண்டிச்சீமைக்குப் போனவர். மண்டபம் கேம்ப்பில் அடைத்துவைத்துச் சோதனை பண்ணிக் கப்பலேற்றி, தேயிலைத் தோட்டத்தில் விட்டார்களாம். அங்கே ரத்தம் சிந்தின ஜனங்களுக்கு 1948-இல் குடியுரிமை இல்லை என்று சட்டம் போட்டது இலங்கை. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆட்டு மந்தையைப் பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். பெரிய தாத்தாவின் பேரன்மார் இந்தக் கணக்கில் திரும்பி வந்தவர்கள். வந்தவர்களுக்கு ஊர் எங்கே இருக்கிறது? அதே கண்மாய்க் கரைதான். அங்கே தோட்டக்காட்டான், இங்கே சிலோன்காரன். எங்கள் ஆட்களில் ஒருத்தர் அந்தத் தீவுக்குக் கொழுந்து கிள்ளப் போனார். அறுபது எழுபது வருஷம் கழித்து நான் துப்பாக்கியோடு போனேன். இரண்டு பேரும் இங்கே இருக்க வழியிருந்திருந்தால் போயிருக்க மாட்டோம்.

எனக்குத் தமிழ் தெரிந்ததால் கேம்ப் வாசலில் நின்று பேசுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. பிடித்துப்போன பிள்ளையைத் தேடி வருகிற தாய்மார் சொல்வதை ஆபீசருக்கு இந்தியில் சொல்ல வேண்டும். ஆபீசர் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு வயதான அம்மா நாலு நாள் தொடர்ந்து வந்தார். நாலாவது நாள் என்னைப் பார்த்து, "தம்பி இந்தியாவில எவ்விடம்?" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்றேன். "ஆண்டாள் பிறந்த இடமோ" என்று முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வி, "நீங்கள் ஆர் ஆக்கள்?"

எந்தச் சாதி என்பதை அங்கே இப்படித்தான் கேட்பார்கள். என் தோளில் துப்பாக்கி. அவர் பிள்ளை எங்கள் கம்பி வேலிக்குள் எங்கேயோ இருக்கிறான் என்ற நம்பிக்கையில் வந்திருக்கிறார். அந்த நேரத்திலும் அந்தக் கேள்வி வருகிறது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடலைத் தாண்டினாலும் யுத்தம் வந்தாலும் இது மட்டும் தப்பித்துக்கொள்கிறதே என்பதற்காகச் சொல்கிறேன். நான் பதில் சொல்லவில்லை. அவர் மகன் பெயரை இன்னொரு தரம் எழுதிக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பெயர் லிஸ்ட்டில் இல்லை.

அங்கேயும் எங்கள் பெயரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது கேம்ப்பை அடுத்த பனங்காட்டில் சீவல் தொழில் செய்த ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரியும். வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் என்று ஐந்து சாதியைச் சேர்த்துப் பஞ்சமர் என்றார். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, எல்லாம் கிணறுதான். வளவுக்கு வளவு கிணறு இருக்கும். "கிணத்துக்கட்டில ஏறப்படாது தம்பி. ஆரும் வந்து அள்ளி வாக்குமட்டும் குடத்தோட நிக்கவேணும்" என்றார். 1966 அக்டோபர் 21-இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன ஊர்வலத்தையும், 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்த போராட்டத்தையும், சங்கானையில் டீக்கடைக்குள் நுழைய அடிபட்டதையும் அவர்தான் சொன்னார். கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் எழுதினது இந்த வாழ்க்கையைத்தான். அந்த டானியல் 1986-இல் நம் தஞ்சாவூரில் வந்து செத்தார். இத்தனை கதையும் சொன்ன பெரியவர் கடைசியில், "உங்கட ஊரில இதுகள் இல்லைத்தானே? காந்தி பிறந்த நாடெல்லோ" என்றார்.

அவரிடம் எங்கள் தெருவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு அங்கே கிடைத்த ஒரே சொந்தக்காரர் அவர்தான். அதே சமயம் அவர் வீட்டுப் பையன்களும் எங்கள் ரோந்தைக் கண்டால் ஓடி ஒளிய வேண்டியிருந்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப் படை டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் அப்படியே 60 பேருக்கு மேல். நான் அந்த இரண்டு இடத்திலும் இல்லை. ஆனால் அதே சட்டையைத்தான் நானும் போட்டிருந்தேன். அந்தச் சட்டையைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். எங்கள் பக்கத்திலும் ஏறக்குறைய 1,200 பேர் செத்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்ற தமிழர் 1987 நவம்பர் 25-இல் செத்தார். அமைதிப் படையில் பரம்வீர் சக்ரா வாங்கினவர் அவர் ஒருத்தர்தான். அவர் இருந்தது 8-ஆவது மகார் பட்டாலியன். சாதிப் பெயரில் ஒதுக்கி வைத்து, பிறகு அதே பெயரில் கூப்பிட்ட அந்த ரெஜிமெண்டுதான்.

பத்திரிகையில் பெயர் வராத ஒருத்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு நாலு மைல் தள்ளி இருக்கிற கிராமத்துக்காரன், எங்கள் ஆள், என்னோடு பெங்களூரில் ஒரே ஸ்குவாடு. 1988-இல் ரோடு ஓப்பனிங்கில் போய்விட்டான். உடலை அங்கேயே எரித்துச் சாம்பலை அனுப்பினார்கள். அதைக் கொண்டுபோனவர் ஒரு கடுவாலி ஹவில்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, கொடி போர்த்திய பெட்டியைக் கையில் ஏந்தி, நேராக இருக்கிற தெருவில் நடக்கத் தொடங்கியிருக்கிறார். அது ஊர்த்தெரு. எங்கள் ஆட்களின் பிணம் அந்த வழியில் போகாது, கண்மாய்க்குள் இறங்கிச் சுற்றித்தான் போகும். ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து நின்றுவிட்டார்கள். ஹவில்தாருக்குத் தமிழ் தெரியாது, விஷயம் புரியவில்லை, இந்தியில் சத்தம் போட்டிருக்கிறார். அப்போது செத்தவனின் அய்யாவே ஓடிவந்து ஹவில்தார் காலைப் பிடித்து, "வேண்டாம்யா, சுத்திப் போயிருவோம். நாளைக்கு நாங்க இங்கனதான் இருக்கணும்" என்றாராம். கொடியோடு அந்தப் பெட்டி கண்மாய்ச் சகதிக்குள் இறங்கிப் போனது. அவர் வாயாலேயே இதைக் கேட்டேன்.

அதைக் கேட்டது 1989-இல் நான் லீவில் வந்தபோது. கப்பலில் மெட்ராஸ் வந்து, எழும்பூரில் மீட்டர்கேஜ் ரயில் ஏறி, விருதுநகர், சிவகாசி தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இறங்கினேன். இரண்டு வருஷம் ஏங்கினது இதற்குத்தான். ஆத்தா என் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தது, எங்கேயாவது காயம் இருக்கிறதா என்று. மறுநாள் அய்யாவும் நானும் ஊர் முனைக்குப் போனோம். "வாங்க பட்டாளத்தாரே" என்று டீக்கடையில் வாய் நிறையக் கூப்பிட்டார்கள். புலி எப்படி இருப்பான், சண்டை எப்படி என்று சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். நாங்கள் நின்றுகொண்டுதான் பதில் சொன்னோம். டீ வந்தது. கூரையில் சொருகி வைத்திருந்த கிளாஸில் வந்தது. நான் கை நீட்டவில்லை. அய்யா வாங்கிக் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி, மறுபடியும் கூரையில் சொருகினார். திரும்பி வரும்போது, "நீ அறுபது நாள்ல போயிருவடா" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி திண்ணையில் படுத்திருந்தபோது லங்கர் அண்டா நினைப்பு வந்தது. கேம்ப்பில் இருந்தால் வீட்டை நினைத்து ஏக்கம், வீட்டுக்கு வந்தால் கேம்ப்பை நினைத்து ஏக்கம். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

1990 மார்ச் 24-இல் கடைசிப் படையும் திருகோணமலையிலிருந்து கிளம்பிவிட்டது. மெட்ராஸ் துறைமுகத்தில் வரவேற்க முதலமைச்சர் கலைஞர் வரவில்லை. தமிழனைக் கொன்ற படையைத் தமிழ்நாடு எப்படி வரவேற்கும் என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்கு மாலை தேவைப்படவும் இல்லை. ஆனால் தமிழன், தமிழன் என்று மேடையில் பேசினவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்லை. அந்தப் பெட்டி கண்மாய்க்குள் இறங்கிப் போனபோது வழியை மறித்து நின்றவர்களும் தமிழர்கள்தான்.

1997-இல் எங்கள் மாவட்டத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசாங்கம். கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனின் தளபதி, வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுச் செத்தவர், தேவேந்திரர். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கல் விழுந்தது, வீடு எரிந்தது, உயிர் போனது. கடைசியில் அரசாங்கம் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. நான் கடிதத்தில் எழுதிவந்த காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது இப்படித்தான். ஒரு சிப்பாயின் பெயரைப் பஸ்ஸில் பார்க்கப் பொறுக்காமல் எல்லாப் பெயரையும் அழித்தார்கள். அப்போது நான் வடக்கே ஒரு எல்லையில் சென்ட்ரி நின்றுகொண்டிருந்தேன். கல் எறிந்தவர்களையும் சேர்த்துத்தான் காவல் காத்தேன்.

இப்போது மில்லில் வாட்ச்மேன் வேலையும் விட்டாயிற்று. பென்ஷன் வருகிறது. விடியற்காலையில் எங்கள் காலனிப் பையன்கள் ரோட்டோரம் ஓடிப் பழகுகிறார்கள், பட்டாளத்தில் சேர. 2022-இல் அக்னிபத் வந்த பிறகு நாலு வருஷம்தான் வேலை, பென்ஷன் கிடையாது, நாலில் ஒரு பங்குக்கு மேல் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். "தாத்தா, போகலாமா வேண்டாமா" என்று என்னிடம் கேட்கிறார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அண்டாச் சோறு எனக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தது. ஆனால் யாரைச் சுடச் சொல்கிறார்கள், எதற்காகச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போ, திரும்பி வந்து நிற்க இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் போ என்கிறேன்.

கொழும்புக்குப் பக்கத்தில் கோட்டேயில் அமைதிப் படைக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்திலும் அமைதிப் படையில் செத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். என் ஸ்குவாடுக்காரன் கிராமத்தில் சுடுகாட்டுக்குப் பாதை இன்னும் கண்மாய் வழியாகத்தான். ஊர்த்தெரு வழியாகப் பாதை வேண்டும் என்று கிராம சபையில் மனு கொடுத்திருக்கிறோம். அவன் தம்பி மகள் எழுதினாள். மனுவின் முதல் வரியில் அவன் ஆர்மி நம்பரைப் போடச் சொன்னேன். கீழே 43 பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த கிராம சபையிலும் அதைத்தான் கேட்கப் போகிறோம்.